இரவு டியூட்டிக்கு வரும் புது நர்ஸ் பிள்ளைகளுக்கு: எதை எழுதுவது, எதைப் பேசாமல் இருப்பது

தை மாதம், அறுவடை நேரம். களத்தில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தவரைப் பாம்பு தீண்டிவிட்டது என்று ராத்திரி ஒன்றரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவருவார்கள். கால் வரை வைக்கோல் தூசி ஒட்டியிருக்கும். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்வார். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்தி வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து, முதலில் 10 குப்பி.

நான் அந்தக் குழாயில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, '1.50' என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் என் இனிஷியல் போட்டுவிடுவேன். நடுவில் ஒரு பிரசவக் கேஸ் வந்துவிடும், ஒரு குழந்தைக்கு ஜன்னி வந்துவிடும். திரும்பி வரும்போது 20 நிமிடம் ஆனதா 40 நிமிடம் ஆனதா என்று யாருக்கும் நினைவிருக்காது. பிளாஸ்திரி மட்டும் சொல்லும்.

நர்சிங் படிப்பில் சட்டம், நெறிமுறை என்று தனிப் பாடமே உண்டு. பரீட்சைக்குப் படித்து எழுதிவிட்டு வருவீர்கள். வார்டில் அந்தப் பாடம் இந்தப் பிளாஸ்திரித் துண்டில்தான் தொடங்குகிறது. திருவாரூர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இரண்டே விஷயம்: நடந்தது நோட்டில் இருக்க வேண்டும். நோட்டில் இருப்பது உங்கள் வாயில் வரக்கூடாது. எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நேரம்

வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருடம். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துசேராத ஆண்டு அது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். முறை தப்பி மடையைத் திறந்ததாக ஒரு வாய்க்கால் தகராறு. மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடிபட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்தே வந்தார். டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு போட்டார், தையல் போட்டோம், காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. அன்று நான் ஒருத்திதான் மொத்த மருத்துவமனைக்கும். என் நோட்டை அப்போது எழுத முடியவில்லை. காலை ஆறு மணிக்கு, அடுத்த ஷிஃப்ட்டிடம் வார்டை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவருக்கு முன்னால், நினைவிலிருந்து எழுதினேன். 'நோயாளி வந்த நேரம் 11.50.'

ஒன்றரை வருடம் கழித்துச் சம்மன் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "சிஸ்டர், அன்னைக்கு உங்க கையில வாட்ச் இருந்துச்சா?" இருந்தது என்றேன். "ஓடுச்சா?" ஓடியது என்றேன். பிறகு ரிஜிஸ்டரைக் காட்டினார். டாக்டர் பதிவில் 10.40. என் நோட்டில் 11.50. "இந்த ஒரு மணி நேரத்துல அவரு வேற எங்கயாவது விழுந்திருக்கலாம்ல?" என்னிடம் பதில் இல்லை.

வழக்கில் அடித்தவர்கள் விடுதலையானார்கள். சாட்சிகளும் மாறிப் பேசினார்கள், என் நேரம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடிபட்டவரை அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் பார்த்தேன். ஒரு பக்கக் காது கேட்காமல் போயிருந்தது. இன்னொரு காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். மன்னார்குடி வரும்வரை என்னால் ஜன்னல் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருக்க முடிந்தது.

அதன்பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. கையுறையைக் கழற்றியதும் முதல் வேலை, நேரத்தை எங்காவது குறிப்பது. கேஸ் ஷீட் கையில் இல்லாவிட்டால் டிராலியில் இருக்கும் ஒரு தாளில், அதுவும் இல்லாவிட்டால் ட்ரிப்ஸ் பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியில். பிறகு முழுதாக எழுதும்போது அந்த நேரத்தை எடுத்துப் போடுவேன். 24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். 23.50 என்றால் பகலா இரவா என்ற கேள்வியே வராது. வார்டு கடிகாரத்தையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஷிஃப்ட் ஏறும்போதே ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே எழுத முடியாமல் போகும் நாள் வரும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது எங்களுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் பிரசவ அறைக்கே சரியாக இருந்தது. செல்போன் டார்ச் வெளிச்சத்தில், டயட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினோம். வெளிச்சம் வந்த பிறகு அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் கேஸ் ஷீட்டோடு பின் போட்டு, புதுப் பதிவில் 'பிறகு எழுதப்பட்டது' என்று குறித்து, எழுதுகிற நேரம், நடந்த நேரம் இரண்டையும் போட்டோம். தாமதமாக எழுதுவதில் தப்பில்லை. தாமதமாக எழுதிவிட்டு அப்போதே எழுதியதுபோல் காட்டுவதுதான் தப்பு.

எழுத்தில் பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் கையெழுத்து, நேரம். ஒயிட்னர் வார்டுக்குள்ளேயே வரக்கூடாது. மேலே மேலே எழுதித் தடித்துப்போன ஓர் எண், நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்குச் சமமாகத் தெரியும்.

அப்புறம், நாம் ஆங்கிலத்தில் எழுதினாலும் நோயாளி சொன்னதைத் தமிழிலேயே, அவர் சொன்ன சொல்லில் எழுதுங்கள். 'மச்சான் மண்வெட்டியால அடிச்சாரு' என்றால் அதுதான். 'குடிகாரர்' என்று எழுதாதீர்கள். 'வாயில் சாராய வாடை, கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறார்' என்று எழுதுங்கள். முதலாவது உங்கள் தீர்ப்பு, இரண்டாவது நீங்கள் பார்த்தது. நமக்குப் பார்த்ததை எழுதும் வேலைதான்.

போனில் வரும் ஆர்டர்

டியூட்டி டாக்டர் ஆபரேஷனில் இருப்பார், போனில் மருந்து சொல்வார். வேறு வழியில்லாத நேரத்தில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே எழுதி, எழுதியதை அவருக்கே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். மருந்து, அளவு, எந்த வழி, எத்தனை முறை. 'போன் ஆர்டர், இன்ன நேரம், இன்ன டாக்டர், திருப்பிப் படிக்கப்பட்டது' என்று எழுதி, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். "அப்புறம் போடுறேன் சிஸ்டர்" என்றால் கேஸ் ஷீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அளவு சந்தேகமாக இருந்தால் போடாதீர்கள், மறுபடி கேளுங்கள். "டாக்டர் சொன்னார், நான் செய்தேன்" என்பது ஊசி போட்ட கைக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது.

இதில் ஒன்றைக் கவனித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 106-வது பிரிவில், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததாக இருந்தால் 2 ஆண்டு வரை. 'பதிவு பெற்ற மருத்துவர்' யார் என்று அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் நர்ஸ் வரமாட்டார். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஒரே அறையில் ஒரே நோயாளியைப் பார்க்கும் இரண்டு பேருக்கு இரண்டு அளவுகோல் இருக்கக்கூடாது. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு வேலை செய்யுங்கள்.

மருந்து மாறிப்போய்விட்டால்? முதலில் நோயாளி. நாடி, பி.பி., மூச்சு பாருங்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். என்ன போட்டோம், எவ்வளவு, எப்போது, அதன்பிறகு நோயாளி எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் டாக்டரோடு சேர்ந்து உண்மையைச் சொல்லுங்கள். காலிக் குப்பியை எறியாதீர்கள். நான் பார்த்தவரை, நம் ஜனங்கள் தவறை மன்னித்துவிடுகிறார்கள். மறைத்ததை மன்னிப்பதில்லை.

கையெழுத்து யாருடையது

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். சிசேரியன் என்றதும் மாமியார், "சிங்கப்பூர்ல இருக்குற எம் புள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் ஆயி" என்பார். போன் கிடைக்காது. இதற்குள் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பெண் கட்டிலில் முழு நினைவோடு எல்லாரையும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அவளை யாரும் கேட்கமாட்டார்கள்.

18 வயது நிறைந்த, நினைவோடு இருக்கும் ஒருவரின் உடம்புக்கு அவர் ஒப்புதல்தான் ஒப்புதல். கணவர், மாமியார், அண்ணன் கையெழுத்து அதற்கு ஈடாகாது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்கு என்று மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும், அவசரம் எதுவும் இருக்கவில்லை என்றது நீதிமன்றம். கருக்கலைப்புச் சட்டமும் அப்படித்தான். 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

அதனால் நான் செய்வது: மாமியாரை ஓரமாக நாற்காலியில் உட்கார வைத்து, "அம்மா, நீங்க பேசுங்க, நான் அதுக்குள்ள பிள்ளைகிட்ட கேட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டரைக் கட்டிலருகே அழைத்து வருவேன். விளக்குவது டாக்டரின் வேலை. நாம் சாட்சியாகத்தான் கையெழுத்துப் போடுகிறோம். டாக்டர் விளக்காமல் "சிஸ்டர், சைன் வாங்கி வைங்க" என்றால், விளக்கியதற்குச் சாட்சியாக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது அல்லவா? அதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

கைரேகை என்றால் யாருடையது, எந்தக் கை, யார் படித்துக் காட்டினார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். தூக்க ஊசி போட்ட பிறகு வாங்கும் கையெழுத்து செல்லாது. அட்மிஷனில் எல்லா வெற்றுப் படிவத்திலும் மொத்தமாக வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. செய்யாதீர்கள். நினைவில்லாமல் உயிர் போகும் நிலையில் வருபவருக்கும், கூட யாரும் இல்லாதவருக்கும் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் உயிரைக் காக்கச் செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும்.

போலீஸ் கேஸ்

அடிதடி, விபத்து, தீக்காயம், விஷம் எதுவானாலும் சிகிச்சை முதலில், பதிவு பிறகு. 1989-இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அரசு டாக்டராக இருந்தாலும் தனியார் டாக்டராக இருந்தாலும், போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. திருவாரூரில் 2010-இல் மருத்துவக் கல்லூரி வரும்வரை எங்களுக்குத் தஞ்சாவூர்தான். ஒரு மணி நேரப் பாதை. ரெஃபர் செய்தாலும் ரத்தத்தை நிறுத்தி, ட்ரிப்ஸ் ஏற்றி, என்ன கொடுத்தோம், கிளம்பும்போது பி.பி. எவ்வளவு, எத்தனை மணி என்று எழுதிக் கையில் கொடுத்துத்தான் 108-இல் ஏற்றுவோம். சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று கூட வந்தவர்களிடம் சொல்லுங்கள். பணத்துக்கு அலைந்து நேரத்தை விடுகிறார்கள்.

விஷம் குடித்த கேஸில் குடும்பமே காலில் விழும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து எல்லா வீட்டு மூலையிலும் இருக்கிறது, சண்டை போட்ட சூட்டில் கை அதற்குப் போய்விடுகிறது. "போலீசு வேணாம் சிஸ்டர், பொண்ணு வாழ்க்கை போயிடும்." இந்தப் பயத்துக்கு நம்மிடம் உண்மையான பதில் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்கிறது. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவும் புதுச் சட்டத்தில் இல்லை. இதை நான் அந்த அப்பாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் குரலை விடத் தாழ்ந்த குரலில் சொல்வேன். பதிவு போட்டே ஆக வேண்டும், ஆனால் பதிவால் உங்கள் பெண்ணுக்குத் தண்டனை இல்லை. நோயாளியிடம் மட்டும் "ஏன் இப்படிப் பண்ணினே" என்று ஒரு வார்த்தை கேட்காதீர்கள். திட்டு வாங்குவதற்கு ட்யூப் போட்ட நிலையில் அவர்களுக்குத் தெம்பு இல்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பும் சீட்டு டிஸ்சார்ஜுக்கு முன் கேஸ் ஷீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றைக் கழுவிய நீரின் மாதிரி, ரத்தம் பட்ட துணி இவற்றை டாக்டர் சொன்னபடி எடுத்து, சீல் வைத்து, யாரிடம் எப்போது கொடுத்தீர்கள் என்று கையெழுத்து வாங்குங்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் மூடினால் பூஞ்சை பூத்துவிடும். காயவைத்துத் தாள் உறையில் போடுங்கள்.

18 வயது நிறையாத பெண் கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தால், கழுத்தில் தாலி இருந்தாலும் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை. "ஊர் கூடிக் கட்டிவச்ச கல்யாணம்" என்பார்கள். நெஞ்சு கனக்கத்தான் செய்யும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், சொன்னதை எழுதுங்கள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் தகவலில் பெயர், அடையாளத்தைத் தர வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலாத்காரத்துக்கு ஆளாகி வருபவருக்கு எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், காவல் துறைக்கும் சொல்ல வேண்டும். அவர் உடல் பரிசோதனைக்கு மறுத்தாலும் சிகிச்சையை மறுக்க முடியாது.

பாம்புக்கடியையும் 2024 நவம்பரில் அரசு அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கிவிட்டது. அந்த எண்ணிக்கை போனால்தான் நமக்கு மருந்துக் குப்பி வரும்.

வாய்

டெல்டாவில் நோயாளி வேற்றாள் இல்லை. அடுத்த தெரு, சம்பந்தி ஊர், சின்ன வயதில் கூடப் படித்தவள். பஸ்ஸில் ஏறினால், "அந்தப் பொண்ணு உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காமே, என்ன கேஸு?" கல்யாண மண்டபத்தில் பந்தியில் கேட்பார்கள். எங்கள் வார்டில் ஓர் ஆயா இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாது. யார் கேட்டாலும் ஒரே பதில்: "வார்டுல நாப்பது பேரு கெடக்காக, நான் யாரக் கண்டேன்." தன் மருமகளைப் பற்றிக் கேட்டபோதும் அதேதான். ரகசியம் காப்பதை நான் கல்லூரியில் படித்தேன், பார்த்துக் கற்றது அவரிடம்.

"ஆமா, இருக்கா, ஆனா என்னன்னு சொல்ல மாட்டேன்" என்பதும் சொன்னதுதான். ஒருமுறை வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்ட பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "எங்க பொண்ணு இங்க இருக்காளா, பாக்கணும்" என்று நாலு ஆண்கள் வாசலில். பேச்சு நயமாகத்தான் இருந்தது. "உட்காருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவளிடம் போய்க் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள், என் கையை விடவில்லை. டாக்டரிடமும் புறக்காவல் நிலையத்திலும் சொன்னோம். அவர்களிடம், "நோயாளிங்க விவரம் நாங்க யாருக்கும் சொல்றதில்லண்ணே" என்றேன். இப்படி எல்லாருக்கும் எப்போதும் சொல்கிற வழக்கம் இருந்தால்தான், அந்தப் பதிலைச் சொல்லியே தீர வேண்டிய அன்று அது எதையும் காட்டிக்கொடுக்காது.

எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது, முடிவை வெளியிடக் கூடாது. கட்டில் பலகையில் நோயின் பெயர் எழுதாதீர்கள், கேஸ் ஷீட்டில் சிவப்புப் புள்ளி வைக்காதீர்கள். மொத்த வார்டுக்கும் அந்தப் புள்ளியின் அர்த்தம் ஒரே நாளில் தெரிந்துவிடும். ஹேண்ட் ஓவரைக் கட்டிலருகே தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். காயத்தின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், முகம் தெரியாவிட்டாலும் கையில் குத்திய பச்சை அடையாளம் சொல்லிவிடும். "என்ன குழந்தைன்னு ஸ்கேன்ல பார்த்தீங்களா சிஸ்டர்?" என்ற கேள்விக்குச் சிரிப்புகூடப் பதிலாகிவிடும். சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வழியிலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

ஊசிக் குப்பைக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பெட்டி ஊசிக்கு, மஞ்சள், சிவப்பு, நீலம் எதற்கு என்று சுவரிலேயே ஒட்டியிருக்கும். உடல் பாகம், ரத்தம் பட்ட பஞ்சு போன்ற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தப்பி வெளியே போகும் ஊசி வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வயலுக்குப் போகும். நடவு நடும் பெண்கள் அங்கே வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

சம்மன் வந்தால்

வாங்க மறுக்காதீர்கள். தேதியைப் பார்த்து, கண்காணிப்பாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். கேஸ் ஷீட்டை ரெக்கார்டு அறையில் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காதீர்கள். இருதரப்பு ஆட்களும் வீட்டுக்கு வந்து பேசுவார்கள். டீ கொடுத்து, "கோர்ட்டுல கேப்பாங்க, அங்க சொல்றேன்" என்று அனுப்பிவிடுங்கள். கூண்டில் ஏறியதும், கேட்டதற்கு மட்டும் பதில். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றும், பதிவைப் பார்த்துச் சொல்கிறேன் என்றும் நீதிபதியைப் பார்த்துச் சொல்லலாம். சாட்சிப் படி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அந்த மண்வெட்டி வழக்குக்கு அப்புறம் நாலு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன். கடைசி முறை வக்கீல் என் நோட்டையும் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். இரண்டிலும் 21.15 என்றிருந்தது. "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். பகல் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்து மத்தியான ஷிஃப்ட்டுக்கு வந்துவிட்டேன்.